அட்டெண்டர் இல்லாமல் வருகிறவர்: காஷுவால்டியில் பால்புதுமையினருக்கு அவசர சிகிச்சை, ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன்பு ஓர் அரசு மருத்துவமனையின் காஷுவால்டியில் எனக்கு இரவுப் பணி. பதினோரு மணி வாக்கில் ஒரு திருநங்கை தனியாக ஆட்டோவில் வந்து இறங்கினார். வலது கால் வீங்கியிருந்தது, பேசும்போது மூச்சு வாங்கியது. ஓபி சீட்டு போடுகிற இடத்தில் ஆண் என்று எழுதுவதா பெண் என்று எழுதுவதா என்று ஒரு பேச்சு. உள்ளே வந்ததும் எந்தப் பக்கம் படுக்க வைப்பது என்று இன்னொரு பேச்சு. கூட யாரும் வரவில்லையா என்று மூன்றாவது பேச்சு. யாரும் அவரைத் திட்டவில்லை, விரட்டவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள், அவரும் உட்கார்ந்தார். ஒரு மணிக்கு நான் அவர் விரலில் கருவியை மாட்டியபோது ஆக்சிஜன் அளவு 86. காலில் கட்டிய ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தில் நடந்த எதற்கும் மருத்துவத்தில் பெயர் கிடையாது. ஆனால் அதில்தான் உயிர் போகும். திருநர், தன்பாலீர்ப்பு கொண்டவர் போன்ற பால்புதுமையினருக்குத் தனி அவசர மருத்துவம் இல்லை. இதயம், நுரையீரல், ரத்தம் எல்லோருக்கும் ஒன்றுதான். தாமதம்தான் வேறு. அந்தத் தாமதம் எங்கெங்கே நுழைகிறது, அதை எப்படி அடைப்பது என்று படிப்படியாக எழுதுகிறேன். டியூட்டி டாக்டர், செவிலியர், 108 ஊழியர்களை மனதில் வைத்து எழுதுவது. கூட வரும் தோழிகளும், திருநங்கைகளின் ஜமாத் பெரியவர்களும், துணைவர்களும் படித்தாலும் பயன்படும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படித்த, வேலையில் இருக்கிற, வீட்டார் ஏற்றுக்கொண்ட ஒரு திருநங்கை காய்ச்சலோடு வந்தால் இந்த வழிகாட்டி பெரிதாகத் தேவைப்படாது. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர், கடைகளில் காசு கேட்டுப் பிழைப்பவர், பாலியல் தொழிலில் இருப்பவர், எச்ஐவி உள்ளவர், வடமாநிலத்திலிருந்து வந்து தமிழ் தெரியாதவர், சாதியாலும் சேர்த்து ஒதுக்கப்பட்டவர், 16 வயதில் ஓடிவந்த பிள்ளை, பேருந்து நிலையத்தில் படுத்திருக்கும் வயதானவர் ஆகியோருக்காகத்தான் இது. இவர்களுக்கு ஒரு பாரம் இல்லை, இரண்டு மூன்று சேர்ந்து அழுத்தும்.

படி 1: முதலில் உயிர், சீட்டு அப்புறம்

நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, ரத்தச் சர்க்கரை, நினைவு. இந்த ஆறையும் பார்த்து முடிக்கும்வரை பாலினம் பற்றி ஒரு கேள்வியும் வேண்டாம். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கும் டிரையேஜ் முறைக்கு நோயாளியின் பாலினம் தேவையே இல்லை.

போலீஸ் வரட்டும், ஆள் வரட்டும், அடையாள அட்டை வரட்டும் என்று காத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. 1989லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: உயிரைக் காப்பதுதான் மருத்துவரின் முதல் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகு. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் இது பொருந்தும். திருநருக்கு மருத்துவ சேவையை மறுப்பதையும், பாரபட்சமாக நடத்துவதையும் 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 3வது பிரிவில் தடை செய்கிறது. பெஞ்சில் உட்கார வைத்து மறந்துவிடுவதும் மறுப்பதுதான் என்று நான் நினைக்கிறேன்.

படி 2: பெயர்

"உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" இந்த ஒரு கேள்வி போதும். அவர் சொல்லும் பெயரை கேஸ் ஷீட்டின் மேலே எழுதுங்கள். ஆதாரில் வேறு பெயர் இருந்தால் அதைக் காப்பீட்டுப் படிவத்திலும் ரத்த வங்கிச் சீட்டிலும் அடையாளத்துக்காகச் சேர்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஆனால் வராண்டாவில் சத்தமாகக் கூப்பிடும்போது அந்தப் பழைய பெயர் வேண்டாம். நூறு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில், புடவை கட்டியிருக்கும் ஒருவரை "முருகேசன்" என்று கூப்பிட்டால் அவர் எழுந்து வரமாட்டார். வாசல் வழியே போய்விடுவார். டோக்கன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது எளிது.

பாலினக் கட்டத்தில் அவர் சொல்வதை எழுதுங்கள். தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை 2014 ஏப்ரல் 15ஆம் தேதி நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. ஓபி சீட்டு போடுபவர் அதற்குச் சான்று கேட்கத் தேவையில்லை.

விளிப்பதில் ஆங்கிலத்தில் இருக்கும் தலைவலி தமிழில் நமக்கு இல்லை. "வாங்க, உட்காருங்க, அவங்களுக்கு டிரிப் போடுங்க" என்று மரியாதையாகப் பேசினாலே ஆண் பெண் என்ற பிரிவு வராது. "அது", "இது" என்று பேசுவதும், "ஒன்பது" என்று கிசுகிசுப்பதும் படுத்திருப்பவர் காதில் விழும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் இதைக் கேட்டுத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

சொற்களில் தயக்கம் இருந்தால், 2022ல் தமிழ்நாடு அரசு அரசிதழில் ஒரு சொல் தொகுப்பை வெளியிட்டது. திருநர், திருநங்கை, திருநம்பி (பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவர்), தன்பாலீர்ப்பு, ஊடுபால் (ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காத உடற்கூறோடு பிறப்பது) எல்லாம் அரசு ஏற்ற சொற்கள். ஆனால் நோயாளி தன்னை எப்படிச் சொல்கிறாரோ அதுதான் முதலில்.

படி 3: எந்தப் பக்கம் படுக்கை?

அவரிடம் கேளுங்கள். அவ்வளவுதான். "பெண்கள் பக்கம் இருக்கிறீங்களா, ஆண்கள் பக்கமா, எங்கே பாதுகாப்பா இருக்கும்?" பெரும்பாலான திருநங்கைகள் பெண்கள் பக்கம் கேட்பார்கள். பக்கத்துப் படுக்கைக்காரர் முனகினால் செவிலியர் நாம் பேச வேண்டும், நோயாளி பேசக் கூடாது. திருநம்பிகளில் சிலர் ஆண்கள் வார்டுக்குப் பயப்படுவார்கள், சிலர் பெண்கள் வார்டில் கூசிப்போவார்கள். இடமே முடிவாகாவிட்டால் செவிலியர் மேசைக்கு எதிரில், ஸ்கிரீன் போட்டு ஒரு படுக்கை. கழிப்பறை எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கழிப்பறைக்குப் போக பயந்து தண்ணீரே குடிக்காமல் கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

படி 4: கூட வந்தவர் யார்?

நம் அரசு மருத்துவமனைகள் அட்டெண்டரை, அதாவது நோயாளியோடு வரும் துணையை, நம்பித்தான் ஓடுகின்றன. ஸ்கேனுக்கு டிராலி தள்ளுவது, ரத்தச் சாம்பிளை லேபுக்குக் கொண்டுபோவது, ரிப்போர்ட் வாங்கி வருவது, டீ வாங்குவது எல்லாம் அவர் வேலை. அட்டெண்டர் இல்லாதவரின் ரிப்போர்ட் லேபிலேயே கிடக்கும். வீட்டை இழந்த பால்புதுமையினருக்கு இந்தக் குறைதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பெரியது. அதனால் தனியாக வந்தவரைப் பார்த்ததும், இந்த ஷிப்டில் அவருக்கு யார் ஓடுவது என்று ஒரு ஊழியரைப் பெயர் சொல்லிக் குறித்துவிடுங்கள். "யாராவது பாருங்க" என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

சரி, யாரோ கூட வந்திருக்கிறார் என்றால் இரண்டு விதம் உண்டு.

ஒன்று, ரத்த உறவில்லாத உறவு. குருவோ, சேலாவோ (குருவின் சிஷ்யை), கூட வசிக்கும் தோழியோ, துணைவரோ. "சொந்தக்காரங்க யாராவது வரச் சொல்லுங்க" என்று இவர்களை வெளியே நிறுத்துவது வழக்கமாக நடக்கிறது. அவர்தான் நோயாளியின் மாத்திரைப் பெயர் தெரிந்தவர், ரத்தம் கொடுக்கத் தயாராக நிற்பவர். நினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளி தன் சிகிச்சைக்குத் தானே கையெழுத்துப் போடலாம், ரத்த உறவு தேவையில்லை. நினைவில்லை, காத்திருக்க நேரமும் இல்லை என்றால், நோயாளியின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்யும் சிகிச்சைக்குப் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 30வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. இரண்டு மருத்துவர்கள் காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு வேலையைத் தொடங்கலாம். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், வேலூரைச் சேர்ந்த ஒரு வழக்கில், திருமணம் மட்டுமே குடும்பம் ஆவதற்கான வழி இல்லை என்றும், தாமே தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் ஏற்கப்பட்ட ஒன்று என்றும் சொன்னது. அதில் ஒரு பெண்ணை அவர் பெற்றோர் பிடித்து வைத்திருந்தார்கள். வழக்குப் போட்டவர் அவருடைய தோழி.

இரண்டாவது விதம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியது: அடித்தவரே அட்டெண்டராக நிற்பது. இருபது வயதுப் பெண், கையில் எலும்பு முறிவு, "மாடியில இருந்து விழுந்துட்டா" என்று அண்ணன் சொல்கிறார், அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. இன்னொரு பெண்ணோடு ஊரை விட்டுப் போய், பிடித்துக் கொண்டுவரப்பட்டவளாக இருக்கலாம். அல்லது கல்யாணமான ஓர் ஆண், ஆசனவாயில் ரத்தப்போக்கோடு வருகிறார், பக்கத்தில் மச்சான் நிற்கிறார், மூலம் என்கிறார். உண்மை அந்த மச்சான் முன்னால் வெளியே வராது. எக்ஸ்ரே எடுக்கணும், நீங்க வெளியே இருங்க என்று சொல்லி அட்டெண்டரை அனுப்பிவிட்டு, தனியாகக் கேளுங்கள்: "இது எப்படி ஆச்சு? வீட்டுக்குத் திரும்பிப் போறது பாதுகாப்பா?" அவர் சொல்வதை வெளியே நிற்பவரிடம் சொல்லக் கூடாது. பெற்றோராக இருந்தாலும், நோயாளி வயதுவந்தவர் என்றால், அவர் அனுமதி இல்லாமல் சொல்லக் கூடாது.

படி 5: உடலைப் பார்ப்பதற்கு முன்பு

அனுமதி கேட்டு, ஸ்கிரீன் போட்டு, தேவையான இடத்தை மட்டும் திறந்து பார்க்கவும். கையில் வெட்டுக்காயம் என்றால் கையை மட்டும். "நாங்க இதுவரைக்கும் பார்த்ததில்லை" என்று நான்கு மாணவர்களைக் கூட்டிவந்து காட்டுவது சிகிச்சை இல்லை.

1995ல் வாஷிங்டன் நகரில் டைரா ஹன்டர் என்ற கறுப்பினத் திருநங்கை கார் விபத்தில் அடிபட்டார். உடையை வெட்டித் திறந்த முதலுதவி ஊழியர் அவர் உடலைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு கேலி பேசினார். மருத்துவமனையிலும் அவருக்குச் சரியான சிகிச்சை கிடைக்கவில்லை. அவர் இறந்துபோனார். 1998ல் நடுவர் குழு அவருடைய தாய்க்கு ஏறத்தாழ 29 லட்சம் டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 108 பயிற்சியில் இந்த ஒரு கதையை மட்டும் சொன்னால்கூடப் போதும் என்று தோன்றும் எனக்கு.

நீங்கள் எதிர்பார்க்காத ஒன்று தெரிந்தால் முகத்தில் காட்டாதீர்கள். கை வேலையை நிறுத்தாதீர்கள்.

திருநம்பிகள் மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டர் அணிந்திருப்பார்கள். மூச்சுத்திணறல், விலா வலி, இசிஜி, மார்பை அழுத்தி உயிர்ப்பிப்பது எல்லாவற்றுக்கும் அதைக் கழற்றியாக வேண்டும். நினைவிருந்தால் காரணம் சொல்லி அவரையே கழற்றச் சொல்லுங்கள், மேலே போர்த்த ஒரு துணி கொடுங்கள். நினைவில்லை என்றால் கத்தரித்துவிடுங்கள், அதில் தயங்க வேண்டாம்.

அடுத்தது உறுப்புப் பட்டியல். வயிற்று வலி, சிறுநீர்ப் பிரச்சினை, பிறப்புறுப்பு வழியாக ரத்தம், எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் இவற்றுக்கு முன்னால் மட்டும் இது வேண்டும். "உங்களுக்குச் சரியான வைத்தியம் பார்க்க ஒரு விஷயம் தெரியணும். ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கா? கருப்பை, சினைப்பை இருக்கா?" என்று கேட்கலாம். தாடி வளர்ந்த, குரல் கனத்த ஒருவருக்குக் கருப்பை இருக்கலாம். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டு மாதவிடாய் நின்றிருந்தாலும் கரு தங்கலாம். 2019ல் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழில் ஒரு நிகழ்வு வெளியானது. 32 வயதுத் திருநம்பி கடும் வயிற்று வலியோடும் உயர் ரத்த அழுத்தத்தோடும் வந்தார். தான் திருநம்பி என்றும், வீட்டில் செய்த கர்ப்பப் பரிசோதனையில் ஆம் என்று வந்ததாகவும் அவரே சொன்னார். பதிவேட்டில் ஆண் என்றிருந்ததால் அவசரம் இல்லாதவர் வரிசையில் வைத்தார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் பிரசவ வலி என்று புரிந்தது. குழந்தை இறந்தே பிறந்தது. கருப்பை உள்ள யார் வயிற்று வலியோடு வந்தாலும் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்யுங்கள், கருக்குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருநங்கைக்குப் பிறப்புறுப்பு அறுவை முடிந்திருந்தாலும் புரோஸ்டேட் சுரப்பி உள்ளேயே இருக்கும். காய்ச்சலோடு சிறுநீர் எரிச்சல் என்றால் அதையும் நினைவில் வையுங்கள்.

படி 6: மருந்துகள்

"ஹார்மோன் எடுக்கிறீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்பதோடு நின்றுவிடும். இப்படிக் கேளுங்கள்: "டாக்டர் எழுதினதா, கடையில வாங்கினதா, ஒரு நாளைக்கு எத்தனை, கடைசியா எப்போ?" மருத்துவரை அணுக முடியாத திருநங்கைகள் கருத்தடை மாத்திரையை நாளுக்கு மூன்று நான்கு என்று விழுங்குவதுண்டு. அதில் இருக்கும் எத்தினைல் ஈஸ்ட்ரடயால் ரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டும். கால் வீக்கம், மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, ஒருபக்கம் கைகால் விழுவது எதுவானாலும் ரத்தக்கட்டியை முதலில் சந்தேகப்படுங்கள். என் இரவுப் பணியில் நாங்கள் அதைத்தான் தவறவிட்டோம்.

ஆண் ஹார்மோனை அடக்க ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவருக்கு வாந்தி பேதியில் உடல் வறண்டால் பொட்டாசியம் ஏறும், ரத்த அழுத்தம் இறங்கும். பொட்டாசியம் கலந்த டிரிப் போடுவதற்கு முன் இசிஜி பாருங்கள். அதே வேலைக்குச் சைப்ரோட்டிரோன் எடுப்பவருக்குக் கல்லீரலைக் கவனிக்கவும்.

டெஸ்டோஸ்டிரோன் எடுக்கும் திருநம்பிக்கு ஹீமோகுளோபின் ஆண்கள் அளவுக்கு ஏறியிருக்கும். ரத்தம் போய் வந்தவருக்கு 12.5 என்று வந்தால், பெண்கள் அட்டவணையில் அது சரியாகத் தெரியும். அவருக்கு அது பெரிய இறக்கமாக இருக்கலாம். ரிப்போர்ட்டில் "எஃப்" என்று அச்சாகியிருப்பதை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

நெஞ்சு வலியோடு வரும் எந்த ஆணிடமும் நாக்கடியில் நைட்ரேட் வைக்கும் முன் சில்டெனாஃபில், டடலாஃபில் என்ற ஆண்மைக்குறைவு மாத்திரையைப் பற்றித் தனியாகக் கேளுங்கள், மனைவி முன்னால் கேட்க வேண்டாம். பாப்பர்ஸ் என்று முகரும் திரவமும் நைட்ரைட் வகைதான். நைட்ரேட்டோ பாப்பர்ஸோ அந்த மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். உதடு நீலம், ஆக்சிஜன் கொடுத்தும் அளவு 85 பக்கமே நிற்கிறது என்றால் மெத்தீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் மாறிய ஹீமோகுளோபின்) ஏறியிருக்கலாம்.

மார்பிலோ இடுப்பிலோ சிலிக்கான் திரவம் ஊசியாகப் போட்டுக்கொண்டவர் ஓரிரு நாளில் மூச்சுத்திணறலோடு வந்தால், அது ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அதற்கு மாற்று மருந்து இல்லை, ஆக்சிஜனும் தீவிர சிகிச்சையும்தான்.

ஹார்மோன் எடுக்கிறார் என்பதற்காக எல்லா நோயையும் அதன் மேல் போடாதீர்கள். டெங்குக் காய்ச்சலுக்கு வந்தவருக்கு டெங்குதான். ரத்தக்கட்டி போல தெளிவான காரணம் இருந்தால் ஒழிய ஹார்மோனை நாமாக நிறுத்தவும் வேண்டாம்.

படி 7: நிர்வாணத்துக்குப் பிறகு வருகிறவர்

விரையையும் ஆண்குறியையும் நீக்கும் அறுவையைத் திருநங்கைகள் நிர்வாணம் என்பார்கள். அரசு மருத்துவமனையில் முறையாகச் செய்யும் வசதி தமிழ்நாட்டில் வந்த பிறகும், தாயம்மா (மருத்துவம் படிக்காமல் இந்த அறுவையைச் செய்யும் மூத்த திருநங்கை) கையில் செய்துகொண்டவர்களும், லைசென்ஸ் இல்லாத கிளினிக்கில் செய்துகொண்டவர்களும் வருவார்கள். நடந்ததைச் சொல்லப் பயப்படுவார்கள், செய்தவரைப் போலீஸ் பிடிக்கும் என்று. "விழுந்துட்டேன்" என்பார்கள். நாற்பது நாள் வெளியே போகக் கூடாது, கண்ணாடி பார்க்கக் கூடாது, முடிந்தபின் பால் ஊற்றும் சடங்கு என்ற கட்டுப்பாடு இருப்பதால் சீழ் பிடித்த பிறகும் தாமதித்து வருவதுண்டு. "ஏன் இவ்வளவு நாள்?" என்று அதட்டினால் பாதி உண்மையோடு நிறுத்திவிடுவார்கள்.

ரத்தப்போக்கு என்றால் காயத்தின் மேல் நேரடி அழுத்தம், பெரிய ஊசியில் இரண்டு ஐ.வி. லைன், ரத்த வகை பார்த்து இரண்டு பாட்டிலுக்குச் சொல்லி வைப்பது, டெட்டனஸ் ஊசி, ஆன்டிபயாட்டிக், உடனே அறுவை மருத்துவர். மறைக்கும் விஷயத்தை நாம் கேட்கும் விதம் முக்கியம்: "யார் செஞ்சாங்கன்னு எனக்கு வேண்டாம். எப்போ செஞ்சாங்க, என்ன எடுத்தாங்க, மயக்க மருந்து என்ன கொடுத்தாங்க, அதை மட்டும் சொல்லுங்க."

சிறுநீர் வரவில்லை என்று வருபவர்கள் இன்னும் அதிகம், பல மாதம் கழித்தும் வருவார்கள். சிறுநீர்த் துளை தழும்பில் சுருங்கிப்போயிருக்கும். துளை கீழே இருக்கும், சிறுநீர்ப் பாதை குட்டையாக இருக்கும். சிறிய கதீட்டரை நிறைய ஜெல் போட்டு மெதுவாக ஒரு முறை முயலுங்கள். போகவில்லை என்றால் தள்ளாதீர்கள், பொய்ப்பாதை விழும். யூராலஜி வரட்டும். அதுவரை சிறுநீர்ப்பை வெடிக்கும் வலி என்றால் அடிவயிறு வழியே சிறுநீரை எடுக்கலாம். தெரிந்தவர் கையால்தான்.

படி 8: அடிதடி, பாலியல் வன்முறை

ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதுவது சிகிச்சையோடு சேர்ந்து நடக்கட்டும், சிகிச்சைக்கு முன்னால் வேண்டாம். அடித்தது போலீஸ்காரராகவே இருக்கலாம். மருத்துவமனை அவுட்போஸ்ட் காவலர் பக்கத்தில் நிற்க வாக்குமூலம் கேட்காதீர்கள். காயத்தின் நீளம், இடம், நிறம், நோயாளி சொன்ன வார்த்தைகள் எல்லாம் அப்படியே எழுதப்பட வேண்டும். அந்த ஏ.ஆர். காப்பிதான் பின்னாளில் அவருக்கு இருக்கும் ஒரே சாட்சி. "குடிபோதையில் வந்த திருநங்கை" என்று தொடங்கும் ஏ.ஆர். அந்த வழக்கை அங்கேயே முடித்துவிடும்.

பாலியல் வன்முறைக்கு எஃப்.ஐ.ஆர். இல்லாமலே இலவச சிகிச்சை தர வேண்டும். மத்திய சுகாதாரத் துறையின் 2014 வழிகாட்டுதல் திருநரையும் ஊடுபாலினரையும் சேர்த்தே எழுதப்பட்டது. பெண்ணுறுப்பில் விரல்விட்டுப் பார்க்கும் இரண்டு விரல் பரிசோதனையை உச்ச நீதிமன்றம் 2013லும், மறுபடி 2022லும் கண்டித்திருக்கிறது. ஆசனவாய் "பழக்கப்பட்டது" என்று எழுதுவதும் அதே இனம்தான், எழுதாதீர்கள். மாதிரிகளை 96 மணி நேரம் வரை எடுக்கலாம். உடைகளை நிழலில் உலர்த்திக் காகித உறையில் வைக்கவும். பிளாஸ்டிக் கூடாது. போலீசுக்குத் தகவல் போகும் என்பதைச் சொல்லுங்கள். அவர் வழக்கு வேண்டாம் என்றால் அதைக் காரணத்தோடு பதிவு செய்து கையெழுத்து வாங்கலாம், சிகிச்சை மட்டும் நிற்கக் கூடாது.

பாலியல் தொழில் செய்பவருக்கும் வன்முறை வன்முறைதான். "காசு தராத சண்டையா?" என்ற கேள்வியை நான் என் காதால் கேட்டிருக்கிறேன்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் ஆண்கள் மீதான பாலியல் வன்முறைக்கும் பயன்பட்ட பழைய தண்டனைச் சட்டத்தின் 377க்கு இணையான பிரிவு இல்லை. வயதுவந்த ஆணுக்கோ திருநங்கைக்கோ நடந்த வன்புணர்வை அதே பெயரில் வழக்காக்க வழியில்லாத பெரிய ஓட்டை அது. அதனால்தான் நம் மருத்துவப் பதிவு இன்னும் முழுமையாக இருக்க வேண்டும்.

18 வயதுக்குக் கீழே என்றால் போக்சோ. எந்தப் பாலினமானாலும் தகவல் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் பிள்ளை வீட்டுக்குப் பயந்து ஓடிவந்தது என்றால் முதல் போன் அப்பாவுக்கு வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லி, குழந்தைகள் நலக் குழு வழியாகப் போங்கள்.

படி 9: விஷம் குடித்து வந்தவர்

வயிறு கழுவும்போது அறிவுரை சொல்லும் பழக்கம் நம் காஷுவால்டிகளில் இருக்கிறது. "அப்பா அம்மாவை நினைச்சுப் பார்த்தியா?" என்று கேட்பது, அந்த அப்பா அம்மாவால் வெளியே தள்ளப்பட்டவரிடம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115வது பிரிவில், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. ஏ.ஆர். போடுவதால் உங்கள் மேல் கேஸ் வராது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அந்தப் பயம் பலருக்கு உண்டு. அதே சட்டத்தில், வயதுவந்தவர் தனக்கு நம்பிக்கையான ஒருவரை வெறும் தாளில் எழுதிப் பிரதிநிதியாக நியமிக்கலாம். அது துணைவராகவோ குருவாகவோ இருக்கலாம்.

குடும்பத்தார் வந்து "இதையும் சேர்த்து மாத்திடுங்க டாக்டர்" என்று கேட்பார்கள். மாற்ற முடியாது, மாற்ற வேண்டிய நோயும் அது இல்லை என்று நேராகச் சொல்லுங்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கில் 2021ல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இந்த "மாற்று சிகிச்சை"யைத் தடை செய்தார். அதைத் தொடர்ந்து 2022ல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது சீட்டில் "தன்பாலீர்ப்பு" என்று நோயின் இடத்தில் எழுதாதீர்கள். தற்கொலை எண்ணம், தூக்கமின்மை, வீட்டில் வன்முறை என்று எழுதுங்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, தமிழ்நாட்டில் 104. இரண்டு எண்ணையும் அவர் போனிலேயே சேமித்துக் கொடுங்கள்.

படி 10: எச்ஐவி

திருநங்கை என்றதும் அவர் அனுமதி இல்லாமல் எச்ஐவி பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்ஐவி சட்டத்துக்கு எதிரானது. ரிசல்ட் தெரியாமல் தையல் போடமாட்டேன் என்பதும் அப்படித்தான். கையுறை எல்லோருக்கும் ஒன்றுதான். கேஸ் ஷீட்டில் சிவப்பு எழுத்தோ படுக்கையில் அட்டையோ வேண்டாம்.

எச்ஐவிக்கான ஏ.ஆர்.டி. மாத்திரை எடுப்பவர் என்றால் இன்றைய டோஸ் போட்டாரா என்று பாருங்கள். அட்மிஷனில் அது விட்டுப்போவது சாதாரணமாக நடக்கிறது. டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரை எடுப்பவருக்கு வலிப்பு வந்தால் வலிப்பு மருந்தான ஃபெனிட்டோயின் ரத்தத்தில் டோலுடெக்ராவிரின் அளவைக் குறைத்துவிடும், லெவிட்டிராசிட்டம் நல்லது. ஜெலுசில் போன்ற ஆன்டாசிட், இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

பாலியல் வன்முறைக்குப் பிறகான எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது, 28 நாள் எடுக்க வேண்டும். முதல் டோஸை காஷுவால்டியிலேயே கொடுத்துவிடுங்கள். "காலையில ஏ.ஆர்.டி. சென்டர் திறக்கட்டும்" என்று சொல்லாதீர்கள். கருப்பை உள்ளவருக்கு அவசரக் கருத்தடை மாத்திரையும் அப்போதே.

படி 11: அட்டை இல்லை என்றால்

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்ப அட்டையை வைத்து ஓடுகிறது. குடும்பம் கைவிட்டவரின் பெயர் அந்த அட்டையில் நீக்கப்பட்டிருக்கும், அல்லது பழைய பெயரில் கிடக்கும். இதை இரவு இரண்டு மணிக்கு நோயாளி தீர்க்க முடியாது. அரசு மருத்துவமனையில் அவசர சிகிச்சைக்கு அட்டை வேண்டியதில்லை. பெரிய அறுவைக்குக் காப்பீடு தேவைப்பட்டால் மறுநாள் காலை காப்பீட்டு வார்டு மேலாளரையும் மாவட்ட சமூக நல அலுவலகத்தையும் பிடிப்பது நம் வேலை. திருநர் நல வாரியம் 2008லிருந்தே இங்கே இருக்கிறது. இலவச சட்ட உதவிக்கு 15100.

தமிழ் தெரியாதவருக்கு மொழிபெயர்க்க அந்த ஊரின் திருநங்கைகளிலேயே ஹிந்தி தெரிந்தவர் பெரும்பாலும் இருப்பார். நோயாளி ஒப்புக்கொண்டால் மட்டும் கூப்பிடுங்கள்.

படி 12: காப்பாற்ற முடியாதபோது

இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் எழுதுகிறேன். திருநங்கை ஒருவர் இறந்தால், இருபது வருடம் பார்க்காத அண்ணன் வந்து, முடியை வெட்டி, வேட்டி கட்டி, பழைய பெயரில் எடுத்துப் போவான். இருபது வருடம் சோறு போட்டவர் மார்ச்சுவரி வாசலில் நிற்பார். உறவினர் வராவிட்டால், உடல் கேட்பாரற்றதாகிவிடும்.

2024 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய கடிதத்தில், நெருங்கிய உறவினர் கிடைக்காதபோது துணைவர் உடலைப் பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதம் பல மார்ச்சுவரி அலுவலகங்களில் தெரியாது. உங்கள் ஆர்.எம்.ஓ.விடம் (நிலைய மருத்துவ அலுவலர்) கேட்டு ஒரு நகல் வாங்கி ஒட்டி வையுங்கள். நோயாளி நினைவோடு இருக்கும்போதே, நிலை மோசம் என்று தெரிந்தால், "உங்களுக்காக யாரை நாங்க கூப்பிடணும்?" என்று கேட்டு, பெயரும் எண்ணும் கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உடலுக்குக் கட்டும் அட்டையில் இரண்டு பெயரும் இருக்கட்டும். அவர் வந்தபோது உடுத்தியிருந்த உடையை மடித்து உடலோடு சேர்த்துக் கொடுங்கள்.

படி 13: வீட்டுக்கு அனுப்பும்போது

எந்த வீட்டுக்கு என்று முதலில் கேளுங்கள். பேருந்து நிலையம் என்றால், காயத்துக்கு நாள் விட்டு நாள் கட்டு மாற்ற வேண்டியவரை அங்கே அனுப்ப முடியாது. இரண்டு நாள் வார்டில் வைத்திருக்க டாக்டரிடம் பேசுங்கள், அதற்குள் தங்கும் இடம் பாருங்கள். மத்திய அரசின் கரிமா கிரஹ் என்ற திருநர் தங்குமிடங்கள் சில நகரங்களில் உண்டு. பெண் என்றால் பெண்கள் உதவி எண் 181க்குச் சொல்லி ஒருங்கிணைந்த சேவை மையம்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அவர் மறைக்க விரும்பும் விஷயம் எதுவும் இருக்கக் கூடாது. அதை அவர் ஊரில் யாரோ ஒருவர் வாசித்துக் காட்டித்தான் புரிந்துகொள்வார். மாத்திரையை ஐந்து நாளுக்குப் பதில் பதினைந்து நாளுக்குக் கொடுக்க முடிந்தால் கொடுங்கள், திரும்பி வர பஸ் காசு இல்லாமல் போகலாம். பகல் ஓபி வரிசையில் நிற்கத் தயங்குவார் என்றால் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தச் செவிலியரைப் பார்த்து வர வேண்டும் என்று பெயர் சொல்லி அனுப்புங்கள். ஷிப்ட் மாறும்போது அடுத்தவரிடம் "அந்த ஆறாம் பெட் கேஸ்" என்று ஒப்படைக்காமல் அவர் சொன்ன பெயரோடு ஒப்படையுங்கள்.

கால் வீங்கி வந்த அந்தத் திருநங்கை ஒன்பது நாள் எங்களிடம் இருந்தார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை வந்தா எந்தப் பக்கம் வரணும், அதை மட்டும் சொல்லுக்கா என்றார். பெண்கள் பக்கம், நேரா உள்ளே வந்து என் பேரைச் சொல்லுங்க என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.